எட்டுப் படையலில் ஒரு போத்தல் சப்லி

அன்புள்ள கௌரி மச்சாளுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. அண்ணை மெலிந்துவிட்டார், ஆனால் வேலைக்குப் போகிறார். அம்மா முழங்கால் நோவோடு மெல்ல நடக்கிறா. உங்கள் எட்டுப் படையலன்று நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவேண்டும். அதில் என் பங்கு கொஞ்சமும் நல்லதல்ல.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நீங்கள் என் அண்ணையின் மனைவி. நகரின் மறுகோடியில், எற்றோபிகோவில் ஓர் அரசாங்க மதுக்கடையில் இருபது வருடம் வைன் ஆலோசகராக இருந்தீர்கள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று சொல்வது தொழில். அதற்காகப் படித்துப் பரீட்சை எழுதினீர்கள். நம் வீடு இருக்கிற மில்லிக்கனில் இருந்து எத்தனையோ கடைகளைத் தாண்டி ஒரு மணித்தியாலம் காரோட்டிப் போனது, தெரிந்த தமிழ் முகம் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காக. சொந்தக்காரருக்கு அது ‘கவண்மென்ட் வேலை’. அம்மாவுக்குப் பயந்து அண்ணைதான் அப்படிச் சொல்லத் தொடங்கினார். பிறகு உண்மை தெரிந்த நாங்களும் அதையே சொன்னோம். உங்களுக்கு அது வலித்ததா? நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பாரிஸ் கல்யாணத்துக்குப் போனபோது, லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் சீலை வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, நாம் இருவரும் ரயிலும் டாக்சியுமாகச் சப்லி என்ற வைன் ஊருக்குப் போனோம். திராட்சைச் சரிவில் ஏறியதும் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கினீர்கள். அதில் நகமளவுச் சிப்பிகள் நிறையப் பதிந்திருந்தன. அந்த நிலம் ஒருகாலம் கடலாக இருந்தது என்றீர்கள்.

அந்தத் திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரப் பெண், தான் வைன் வைக்கிற உருக்குத் தொட்டிகளைக் காட்டினாள். மரப்பீப்பாயில் வைத்தால் வனிலா வாசம் ஏறித் திராட்சையின் சொந்த ருசியை மூடிவிடும் என்று அவள் சொன்னதை நீங்கள் எனக்கு மொழிபெயர்த்தீர்கள்.

“அப்ப அந்த ருசி இந்தச் சிப்பியில இருந்தோ வருது?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் கதை சொல்லுவினம். வேர் சிப்பியைக் குடிக்கிறேல்லை, சுகந்தி. இந்த மண் மழைத்தண்ணியை வடியவிடும், தேவையானதைப் பிடிச்சு வைக்கும். இஞ்சத்தைக் குளிர் புளிப்பைக் காப்பாத்தும். அவ்வளவுதான்.” கிளாசை நீட்டினீர்கள். “அவ்வளவுதான் எண்டாலும், குடிச்சுப் பார்.”

தேசிக்காய்ப் புளிப்பு. பிறகு மழை நனைத்த கல்லின் வாசம். எனக்கு வைன் அவ்வளவாகப் பிடிபடவில்லை. ஆனால் உங்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தேத்தண்ணித் தட்டோடு ஓரமாக நிற்கிற மச்சாள் அங்கே நிமிர்ந்து நின்று பேசினா. அந்தப் பெண் கேட்டுக்கொண்டு நின்றாள்.

திரும்பும் ரயிலில் ஒன்று சொன்னீர்கள். “உன்ர அண்ணை பார்ட்டிகளில விஸ்கி குடிப்பார். என்ர வைனைத் தாவெண்டு ஒருக்காலும் கேட்டதில்லை.”

அடுத்த வருடம் நோய் வந்தது. கடைசி மாதங்களில் உங்களுக்குத் தண்ணீரும் தகரம் போலக் கைத்தது. பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். மரண அறிவித்தலை எழுதியது நான். ‘அரசாங்க உத்தியோகத்தர்’ என்று போட்டேன்.

எட்டாம் நாள் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். நண்டுக்கறி, இறால் பொரியல், புட்டு. எங்கள் மாமா செத்தபோது எட்டில் பிராந்திப் போத்தல் வைத்தது நினைவுக்கு வந்தது. அதனால் உங்கள் கடைக்குப் போய் அந்த ஊர் வைன், ஒரு போத்தல் சப்லி வாங்கி வந்து, நண்டுக்கறிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“உது என்ன?” என்று அம்மா கேட்டா.

“வைன், அம்மா. மச்சாளுக்குப் பிடிச்சது.”

“பொம்பிளையளுக்கு உதுகள் படைக்கிறேல்லை. எடு.”

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எடுத்தேன். மச்சாள், நான் எடுத்துவிட்டேன். குசினி வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

அண்ணை பின்னால் வந்து போத்தலை என் கையில் இருந்து வாங்கினார். திரும்பவும் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

“அம்மா, அவ வைன் கடையிலதான் வேலை செய்தவ. இருவது வருசம். நான்தான் மறைச்சனான்.”

“கவண்மென்ட் ஒபிஸ் எண்டெல்லோ சொன்னனீ?”

“கடையும் கவண்மென்ட்தான்.”

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அண்ணைக்குத் தக்கையை எடுக்கத் தெரியவில்லை, பாதியில் உடைத்தார். மிச்சத்தை நான் இழுத்து எடுத்தேன். தண்ணீர் கிளாசில் ஊற்றி வைத்துவிட்டு, நீங்கள் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்தினோம்.

கதவைத் திறந்தபோது அம்மாதான் முதலில் பேசினா. “படைச்சதைக் கொட்டக்கூடாது. ஆராவது குடியுங்கோ.”

அண்ணை நின்றபடியே ஒரு மிடறு குடித்தார். “புளிக்குது,” என்றார். பிறகு இருந்து, மிச்சத்தை மெதுவாகக் குடித்து முடித்தார்.

“இதைத்தானோ அவ குடிச்சவ?”

“ஓம், அண்ணை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

நான் அவர் கையில் இருந்த வெறும் கிளாசை வாங்கினேன். நீங்கள் சொல்லவில்லையா, அவர் கேட்கவில்லையா? இரண்டும் ஒன்றுதானா?

இப்போது அவர் இடைக்கிடை எற்றோபிகோ போகிறார். கடையில் உங்களோடு வேலை செய்தவர்கள் உங்களைப் பற்றிக் கதைக்கிறார்களாம். வந்து என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறார், தனக்கு முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்வது போல. அம்மா மாறவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்றும் ‘கவண்மென்ட் வேலை’ என்றுதான் சொல்கிறா.

வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அந்த அறிவித்தலையும் நான்தான் எழுதுவேன். உங்கள் பெயருக்குக் கீழே ‘வைன் ஆலோசகர்’ என்று போடுவேன். அம்மா பார்ப்பா. எடு என்று சொல்லுவா.

எடுக்கமாட்டேன், மச்சாள்.

என்றும் உங்கள் சின்ன மச்சாள்,
சுகந்தி