ஜீப்புக்குக் கட்டை வைக்கிறவள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் உடம்பைப் பார். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல் எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி சுகம் என்று எழுதினால்தான் பொய்யில்லாமல் இருக்கும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாரே, அவரைப் பற்றி அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேச. இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். நடந்துதான் போயிருக்கிறார், பதறாதே.

போன மாதம் ஜீப் பின்னால் உருண்டு மருந்துக்கடைப் படியில் இடித்தது, யாருக்கும் அடியில்லை என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை. அந்த வண்டியின் கைப்பிரேக் என்றைக்காவது பிடித்து நீ பார்த்திருக்கிறாயா? மின்சார இலாகாவில் லைன் சூப்பர்வைசராக அப்பா பதினோரு வருஷம் மலையேற்றி ஓட்டிய வண்டி, ஏலத்தில் விட்டபோது இதை இன்னொருத்தன் ஓட்டுவதா என்று வீம்புக்கு எடுத்துக்கொண்டு வந்தாரே, அன்றைக்கே கைப்பிரேக் பிடிக்காது. மேட்டில் நிறுத்தினால் நான்தான் முதலில் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். வைத்துவிட்டு வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு. அந்தத் தட்டு கேட்ட பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். முட்டுக்கட்டை போடுறதுக்குன்னே பொறந்தவ என்று ஊரெல்லாம் என்னைக் கேலி பேசுவாரே, மறந்துவிட்டாயா? கைப்பிரேக்கைச் சரி செய்து தொலையுங்களேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீதான் இருக்கியே என்பார். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி, வரவில்லை என்றேன். தனியாகத் தபால் ஆபீசுக்குப் போனார். அந்தத் தெரு எப்படிச் சரிந்து இறங்கும் என்று உனக்குத் தெரியும். நிறுத்திவிட்டு பிரேக்கில் கால் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். அங்கே இருக்கும் வாட்ச்மேன் தெரிந்தவராச்சே என்று, என்ன சார் சௌக்கியமா என்று வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டியிருக்கிறான். அவ்வளவுதான், காலை எடுத்துவிட்டு இறங்கிவிட்டார். ஒரு பெண் கைக்குழந்தையோடு அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போனாளாம், அவள் போன பாதையிலேயே வண்டி உருண்டு மருந்துக்கடைப் படியில் முட்டி நின்றிருக்கிறது.

அது கூடப் போகட்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சத்தம் போட்டார், கட்டையை ஏண்டி சரியா வைக்கல, உன் கவனம் எங்க இருந்துச்சு என்று. நான் வீட்டில் இருந்தேன் கண்ணு. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நான் வரவேயில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இனிமே சரியா வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பின்விளக்கு உடைந்திருந்ததால் வண்டி சில நாள் மெக்கானிக்கிடம் கிடந்தது, அந்தச் சாக்கில் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இன்றைக்கு என்ன கிழமை என்றார் டாக்டர், அப்பா என்னைப் பார்த்தார். என்ன மாதம் என்றார், ஜன்னலைப் பார்த்தார். நான் சொல்லப் போனேன், டாக்டர் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டார். அப்புறம் பேச்சோடு பேச்சாக என்ன வண்டி வச்சிருக்கீங்க என்று கேட்டாரோ இல்லையோ, பிடித்துக்கொண்டார் உன் அப்பா. எந்த சிலிண்டருக்குப் பிறகு எது எரியும், எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று மூச்சுவிடாமல் சொன்னார். டாக்டருக்கே சிரிப்பு. ஆனால் என்னைத் தனியாக அழைத்து, மறதி ஆரம்பித்துவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைத்தான் நான் உன்னிடம் கண் மங்கல் என்று மாற்றிச் சொன்னேன், அம்மாவை மன்னித்துவிடு.

வித்துடும்மா, அந்தப் பழைய இரும்பைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறார் என்று நீ சொன்னாய். எனக்கும் அதே எண்ணம்தான். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும், என் இடுப்பு போனதே அதனால்தான். பல் டாக்டர் ஒருத்தர் ஆசையாகக் கேட்டு வந்தார், சின்ன வயசு. பேனட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா முதல்ல எதைப் பாப்பீங்க தம்பி என்று அப்பா கேட்டார், மெக்கானிக் நம்பரைப் பாப்பேன் சார் என்று அவர் சொல்ல, அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். முதல்ல இந்த வட்ட மூடியைத் திறக்கணும் தம்பி, உள்ளே ரோட்டர் இருக்கான்னு பாக்கணும் என்று காட்டிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை ஒன்று சொன்னது, என் கார்ல எல்லாம் தானா நடக்குது சார், நான் உள்ளே இருக்கேனா இல்லையான்னே அதுக்குத் தெரியாது, இது அப்படி இல்ல என்று. அப்பா அவர் தோளைத் தட்டினார். பிறகு ஒவ்வொரு ஒடுக்காகக் காட்டினார். இது மலையில் நாற்பத்தேழாம் டவரில் பாறை உருண்டது. கீழே தகரம் ஓட்டையானபோது என் சமையல் தட்டை வெட்டி ஒட்டுப்போட்டது. பின்சீட்டைக் காட்டி, எம்மவ இதுலதான் பொறந்திருக்க வேண்டியவ, ஆத்துல தண்ணி ஓடுது, வண்டியை இறக்கிட்டேன், பொறக்கறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ஆஸ்பத்திரி சேத்துட்டேன் என்றார். அன்றைக்கு என்ன கிழமை என்பதைக் கூடச் சரியாகச் சொன்னார் கண்ணு! டாக்டரிடம் வராத கிழமை அங்கே வந்தது. வண்டியைக் கொடுத்துவிட்டால் இதையெல்லாம் அவர் எங்கே போய்ப் பார்த்துச் சொல்வார்? இப்போதைக்கு விற்கவில்லை என்று அந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டேன்.

விற்காவிட்டால் ஓட்டுவாரே. அதற்கு ஒரு திருட்டுவேலை செய்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த ரோட்டர் இருக்கிறதே, கட்டைவிரல் அளவு சாமான், அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது. நானும் கூடப் போன நாட்களில், காட்டில் வண்டியை விட்டுவிட்டு டவருக்கு நடக்கும்போது யாரும் கிளப்பிக்கொண்டு போகாமல் இருக்க அதைக் கழற்றி என் முந்தானையில்தான் முடிந்து கொடுப்பார், எப்படிக் கழற்றுவது என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது கழற்றி, பழைய பேப்பரில் சுருட்டித் தையல் டப்பாவின் அடியில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சாவியைத் திருகினார், கிளம்பவில்லை. ஏதோ மக்கர் பண்ணுது, பாத்துடலாம் என்று பேனட்டைத் தூக்கினார். பன்னிரண்டு நாளாகத் தினமும் தூக்குகிறார். ஒயரைத் துடைக்கிறார், பேட்டரியைத் துடைக்கிறார், அந்த வட்ட மூடியை மட்டும் தொடவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்று முதல் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பயம் பிடித்தது. பல் டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்த மனுஷன் ஆயிற்றே, அதுவுமா மறந்துபோயிற்று? அதுவும் போய்விட்டால் இனி என்ன மிச்சம்?

நேற்று அவர் சட்டைப் பொத்தான் தைக்க டப்பாவை எடுத்தேன். அடியில் பேப்பர் இல்லை. அவருடைய துவைத்த கைக்குட்டையில் நாலாக மடித்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது ரோட்டர். உப்புத்தாளால் தேய்த்து, பித்தளை முனை பளபளவென்று இருக்கிறது. எடுத்துப் பார்த்து, சுத்தம் செய்து, எனக்குத் தெரியாமல் என்னிடமே திருப்பி வைத்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து அழுதேன். இன்று காலையிலும் பேனட்டைத் தூக்கி, ம்ஹூம், கிளம்ப மாட்டேங்குது என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மெதுவா சரியாகட்டும் என்றேன் நானும்.

அதனால் போனில் வண்டி மக்கர் என்று அவர் சொன்னால், எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள், விற்கிற பேச்சை எடுக்காதே. வருஷக் கடைசியில் வருகிறேன் என்றாய், அவ்வளவு தள்ளிப் போடாதே கண்ணு, எனக்கு நாள் போகப் போகக் கலக்கமாக இருக்கிறது. கியர் போட நீ பழகியது அந்த வண்டியில்தானே. வந்ததும் அந்தக் கைக்குட்டையை உன் கையில் கொடுக்கிறேன், நீ ஓட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டே வரட்டும். குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசி, நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நல்லா இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், முடிக்கிறேன். மேட்டில் நிறுத்தினால் உடனே காலை எடுத்துவிடாதே, தட்டுகிற சத்தம் வரும் வரை பொறு. கட்டை வைக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
முழங்கால் வலியோடு,
உன் அம்மா