தட்டு காலியாகத்தான் இருந்தது

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் பூனைகள் பீப்பாயும் ஊசியும் சௌக்கியம், நீ அங்கே சௌக்கியமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. நாலு பேர் பெயரை எழுதிவிட்டு ஐந்தாவது பெயருக்குக் கை தானாகப் போய் நின்றது, இருக்கட்டும். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நீ வெளிநாட்டு வேலைக்குப் போகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது நம் ஜட்ஜையா அந்தப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தாரே, அப்போதே சொன்னேன், நீ திரும்பி வருவதற்குள் இந்தக் கிழட்டுப் பூனை தீர்ப்பு எழுதிவிட்டுக் கிளம்பிவிடும் என்று. உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டே, நீங்க அன்னைக்கு அப்படியா சொன்னீங்க, துணியில முடி ஒட்டுது தூக்கி வெளியே போடுன்னுதானே கத்துனீங்க என்கிறாள். அவளுக்கு ஞாபக சக்தி அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் சித்தி போன் போட்டு ஜட்ஜையா போய்விட்டார் என்று சொன்னபோது நீ அழக்கூட இல்லையாம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாயாம், அவன் கடைசியா எப்போ சாப்பிட்டான் என்று. சித்தி போனை என்னிடம் நீட்டினாள். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேசியே சமாளித்த வாய் இது, அன்றைக்குத் திறந்தது, ஒன்றும் வரவில்லை. நீ வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவள் இந்த ஞாயிறு கூப்பிடவில்லை. நான் காலையிலிருந்து போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் கடிதம். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அதற்கு மேல் சத்தம் போடுவேன். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஓரம் மட்டும் மஞ்சளாகிவிட்டது. நீலத் தட்டு ஜட்ஜையாவுக்கு, சிறுநீரகத்துக்கென்று தனியாகச் செய்த ஈரச் சாப்பாடு, ஒரு ஸ்பூன் வெந்நீர் சேர்த்து. சிவப்புத் தட்டு பீப்பாய்க்கு, அவனுக்குச் சர்க்கரை வியாதி, கறி அதிகமாகவும் மாவு இல்லாமலும் இருக்கிற டப்பா, அளந்து வைக்க வேண்டும். மஞ்சள் தட்டு ஊசிக்கு, கோழி பட்டாலே அவளுக்குச் சொறி வரும், அதனால் முயல்கறி பாக்கெட். மூன்று பேரும் மூன்று அறையில், கதவைச் சாத்தி இருபது நிமிடம், அப்புறம் தட்டை எடுத்துவிட வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனால் இந்தச் சங்கதியில் எனக்குத் தெரிந்தது அந்தப் பூனை டாக்டரம்மாவுக்கே தெரியாது. பாக்கெட்டை வெந்நீரில் நிற்கவைத்துச் சூடு பண்ணினால் வாசனை எழும்பும் என்பதை அவர்களுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவங்கதான் நமக்குச் சொன்னாங்க என்று சித்தி முணுமுணுக்கிறாள். யார் சொன்னால் என்ன, வாசனை எழும்புகிறதா இல்லையா. தாளில் கடைசியாக நீ சிவப்பு மையால் கோடு போட்டு ஒன்று எழுதியிருக்கிறாய், ஜட்ஜையா சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. அதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

சித்தியுடைய அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் என்று அவள் ஐந்து வாரம் அங்கே போய் இருந்தது உனக்குத் தெரியும். வீட்டில் நான் ஒருத்தன். காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு பூனைக்கு முன்னால் இருபது நிமிடம் சம்மணம் போட்டு உட்காருவது என்றால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். லிஃப்டுக்கே கதவு போடுகிறவன் பூனைக்குப் போடமாட்டேனா என்று ஜட்ஜையா சாப்பிடுகிற உன் அறைக் கதவில் ஒரு ஏற்பாடு செய்தேன். விட்டால் தானாக உள்பக்கம் சாய்ந்து திறந்துகொள்கிற கதவு அது. மேலே ஒரு சின்ன உருளை, அதன் வழியாக நைலான் கயிறு, கயிற்று நுனியில் தண்ணீர் பாட்டில். பாட்டில் நிறைந்திருக்கும்போது அந்தக் கனத்தில் கதவு மூடி நிற்கும். அடியில் ஊசித் துளை போட்டு, கீழே ஒரு பக்கெட். தண்ணீர் சொட்டச் சொட்ட பாட்டில் இளைக்கும், சரியாக இருபதாவது நிமிடம் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். அதைப் பார்க்க நம் கட்டடமே வரிசையில் நின்றது. சித்தி இந்த இடத்தில் சிரிக்கிறாள், வாட்ச்மேன் ஒருத்தர்தான் வந்தாராம், அதுவும் கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டைக்கு. வந்தாரா இல்லையா, அதுதான் விஷயம்.

அந்தக் கதவு வந்த நாளிலிருந்து நீலத் தட்டு பளிச்சென்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் பாதி மீதி இருக்கும், இப்போது கழுவவே வேண்டாம் போல. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ முதலில் கேட்கிற கேள்வி, தட்டு காலியா சித்தப்பா. நான் சொல்வேன், காலியா, வழிச்சு நக்கிட்டு எனக்கே சலாம் போடுறார், இன்னும் பத்து வருஷம் கேஸ் நடத்துவார் பாரு என்று. சலாம் போட்டது நான் சேர்த்தது. மற்றபடி அதில் பொய் கிடையாதும்மா, தட்டு காலியாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி ஞாயிறும் கேட்டாய். போன மாத ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியதிலிருந்தே உனக்கு மனசு சரியில்லை. லீவு இருக்கு சித்தப்பா, இன்னைக்கே டிக்கெட் போட்டா செவ்வாய்க்கிழமை அங்க இருப்பேன், வரட்டுமா என்றாய். நான் எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன், தட்டு காலி, நீ எதுக்கும்மா வீணா அலையுற, லீவைப் பத்திரமா வச்சுக்கோ என்று. மறுநாள் திங்கட்கிழமைதான் சித்தி அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள், வந்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். பூனைகளுக்கு நேரமாகிவிட்டது போல. நான் மேலே எழுதுகிறேன். செருப்பைக் கழற்றியதும் அவள் செய்த முதல் வேலை ஜட்ஜையாவைத் தூக்கியதுதான். ஏங்க, இவன் உள்ள ஒண்ணுமே இல்லையேங்க, காகிதம் மாதிரி இருக்கான் என்றாள். நான் சிரித்தேன், தட்டைப் பாரு, எவ்வளவு சாப்பிடுறார் தெரியுமா என்று. அவள் தட்டுகளை வைத்துவிட்டு, வராந்தாவில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் என்னையும் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஐந்தே நிமிடம். பீப்பாய் தன் சிவப்புத் தட்டை முடித்தான். சமையலறைக் கதவின் இடுக்கில் கையை விட்டுத் திறந்தான். நேரே உன் அறைக்கு வந்தான். கதவுக்கு முதுகைக் கொடுத்து, ஏதோ லிஃப்டுக்குக் காத்திருக்கிற பெரிய அதிகாரி மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான். ஏழே முக்கால் கிலோ கனம், பாட்டிலில் தண்ணீர் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது, அது போதும் அவனுக்கு. கதவு திறந்தது. ஜட்ஜையா தட்டுக்கு முதுகைக் காட்டி உன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீப்பாய் நீலத் தட்டை வழித்து நக்கிவிட்டு வெளியே போனான்.

டாக்டரம்மா தராசில் இரண்டு பேரையும் வைத்தார்கள். ஜட்ஜையா இரண்டு கிலோ நானூறு, போன மாதம் மூன்றரை. பீப்பாய்க்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது, அந்தச் சிறுநீரகச் சாப்பாட்டில் மாவு ஜாஸ்தியாம், அவனுக்கு ஆகவே ஆகாதாம். ஒருத்தன் ஏறினால் இன்னொருத்தர் இறங்குவார், லிஃப்டும் அதன் எதிர்எடையும் மாதிரி, முப்பத்தொரு வருடம் தினமும் பார்க்கிற சங்கதி, என் வீட்டுக்குள் ஓடியது எனக்குத் தெரியவில்லை. சிறுநீரகம் கெட்டால் பூனைக்குக் குமட்டல் வருமாம், சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புமாம். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், குமட்டலுக்கு மாத்திரை இருக்கு சார் என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகத்தான் சொன்னார்கள். பதினேழு வயசாச்சே டாக்டர் என்றேன். ஆமா சார், ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு மூணு மாசம் இருந்திருப்பான் என்றார்கள்.

அப்புறம் உட்கார்ந்தேன் அம்மாடி. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உன் அறையில் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். இருபது நிமிடம் என்ன, காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் சித்தி வந்து காப்பியைக் கையில் கொடுத்தால்தான் நேரம் தெரியும். உன் அப்பா காலமான வருடம், பதினாலு வயதில் நீ எங்களிடம் வந்தபோது, தட்டை வைத்தால் தொடமாட்டாய். சித்தி ஒரு வார்த்தை பேசாமல் உன் தட்டுக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வாசற்படியில் நின்று ஏதாவது புளுகிக்கொண்டிருப்பேன், ஒரு தடவை லிஃப்டுக்குள் குதிரை மாட்டிக்கொண்டது என்றுகூடச் சொன்னேன், அதற்குத்தான் நீ முதன்முதலில் சிரித்தாய். அப்புறம் பள்ளிப் பையில் ஒரு நனைந்த குட்டியைக் கொண்டுவந்தாய், அது தின்றால் நீயும் தின்றாய். அதையெல்லாம் அந்தத் தரையில் உட்கார்ந்தபோதுதான் நினைத்தேன். நீ ஏன் சிவப்பு மையால் கோடு போட்டாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் கடைசியாகச் சாப்பிட்டது புதன்கிழமை காலையில். பாக்கெட்டைச் சூடு பண்ணி, கொஞ்சம் குழைத்து, என் ஆள்காட்டி விரலில் தடவிக் காட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பினார். நான் அந்தக் குதிரைக் கதையைச் சொன்னேன். அப்புறம் திரும்பி மூன்று தடவை நக்கினார். வியாழக்கிழமை மத்தியானம் உன் ஜன்னலுக்குக் கீழே வெயில் விழுகிற இடத்தில், என் கை அவர் மேல் இருக்கும்போதே போனார். உன் பழைய பச்சை ஸ்வெட்டரில் சுற்றி, கட்டடத்துக்குப் பின்னால் பம்ப் ரூம் சுவரோரம் புதைத்தோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். சித்தி பக்கத்தில் இருந்தால் திருத்தியிருப்பாள், இல்லாததால் நானே திருத்துகிறேன், நாலு பேர். நாங்கள் இரண்டு பேர், வாட்ச்மேன், கூரை ஒழுகிய கீழ் வீட்டுக்காரர்.

கதவிலிருந்த உருளை, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பீப்பாய்க்குக் காலை மாலை இன்சுலினை இப்போது நானே போடுகிறேன், அவனை நான் ஒரு வார்த்தை வையவில்லை, அவனுக்கு என்ன தெரியும், கதவு திறந்தது, போனான். ஊசி உன் அறை வாசலில் போய் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். நீ வேலை வேலை என்று ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, குளிருக்குக் கால் உறை போட்டுக்கொள். நீலத் தட்டைக் கழுவித் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். சித்தி இன்னும் வெளியே வரவில்லை. பூனைகளுக்குச் சாப்பாடு வைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, கடிகாரத்தைப் பார்த்தேன். என் மற்ற எல்லாப் புளுகையும் குத்திக்காட்டிக்கொண்டிருந்தவள் ஒரு வரிக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். சித்தி வந்தது திங்கட்கிழமை இல்லை அம்மாடி. சனிக்கிழமை. வராந்தாவில் உட்கார்ந்து பார்த்ததும், டாக்டரிடம் போனதும், தராசும் எல்லாமே சனிக்கிழமை. ஞாயிறு காலை நீ கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டபோது சித்தி அவருக்கு மருந்து வாங்க வெளியே போயிருந்தாள், ஜட்ஜையா என் மடியில் இருந்தார், எனக்கு எல்லாம் தெரியும். நீ வர வேண்டாம் என்று நான் உன்னிடம் சொன்னது அவளுக்கு இன்றைக்கு இந்தக் காகிதத்தில் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் ரெண்டே நிமிஷம், இதோ ஆச்சு என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் வேலையை ஆரம்பிப்போம். இருபது நிமிடம் ஆனாலும் கதவு திறந்ததும் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். அப்படித்தான் உன்னிடமும் சொன்னேன். அடுத்த ஞாயிறுக்குள் அவரைத் தேற்றிவிட்டால் நான் சொன்னது மெய்யாகிவிடும் என்று நினைத்தேன். கதவு திறக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மத்தியானம் வரைக்கும் அவர் இருந்தார், நீ வந்திருக்கலாம். விரலில் மூன்று தடவை நக்கினது நிஜம், நான் எண்ணினேன், அதை நம்பு, என்னை நம்ப முடியவில்லை என்றால் சித்தியைக் கேள், வாசலில் நின்று பார்த்தாள். திங்கள் என்று எழுதின இடத்தில் மட்டும் சனி என்று திருத்திப் படித்துக்கொள்.

சித்தப்பா