வெயிலில் வைத்த இசைத்தட்டு

12 ஜூன் 1979, செவ்வாய்

விடாத மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. ஆபீசில் டைப்ரைட்டர் ரிப்பன்கூடப் பிசுபிசுப்பு.

தீவுக்குக் கப்பல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு தனபால் அண்ணன் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தவை: புளி, அம்மாவின் மூக்குக்கண்ணாடி, வரமிளகாய் (பாதி ஈரம்). அப்புறம் தம்பி சேகரின் இசைத்தட்டு.

அவன் மெட்ராஸில் இறந்துபோய் நாலு மாதம். மஞ்சள் காமாலை. தந்தி வந்தபோது கப்பல் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த கப்பலுக்குள் அவன் கூட்டாளிகளே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். நாங்கள் யாரும் முகம் பார்க்கவில்லை.

தட்டின் அட்டையில் நாலு பேர். கிழிந்த சட்டை, அதில் ஊக்கு. தைத்துக் கொடுக்க ஆளில்லையா என்றாள் அம்மா. இந்த மாதிரிப் பாட்டுக்கு பங்க் ராக் என்று பெயராம். சேகர் டிரம்ஸ். பாடுவது வேறொருவன், இங்கிலீஷில்.

"மொத பாட்டு ஆரம்பிக்கிறப்ப ஒரு எண்ணிக்கை வரும், தங்கச்சி. அது மட்டுந்தான் சேகரு குரலு," என்றார் அண்ணன்.

அம்மா தட்டை மடியைவிட்டு இறக்கவில்லை. அப்பா திரும்பியே பார்க்கவில்லை. படிக்க அனுப்பினால் தகரம் தட்டப் போய்விட்டான் என்று அவனோடு பேச்சை நிறுத்தியவர். தகரம் தட்ட அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? கப்பல் ஜெட்டியில் மரம் தூக்கும் ஆட்களுக்கு அப்பாதான் மேஸ்திரி. "ஒண்ணு, ரெண்டு, மூணு, தூக்கு" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்டுவிட்டு வந்துதான் சின்ன வயதில் அவன் அரிசி டின்னில் அடிப்பான். இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

வீட்டில் பிளேயர் கிடையாது. அபர்டீன் பஜார் ரேடியோ கடையில் போட்டுக் கேட்கவேண்டும்.

14, வியாழன்

வெயில். எத்தனை நாளைக்கப்புறம். எங்கள் மின்னி பே முழுக்கத் தலையணை, பாய், செருப்பு, கருவாடு எல்லாம் தகரக் கூரைமேல். மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் இந்த ஊரில் வேறு என்ன வேலை.

மாலை வந்து பார்த்தால், எங்கள் கூரையில் மிளகாய்க்குப் பக்கத்தில் தட்டு. அட்டையில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். துடைத்து, அட்டையைத் தனியாக, தட்டைத் தனியாகக் காயவைத்திருக்கிறாள் அம்மா. தட்டின் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது.

கத்திவிட்டேன். அம்மா இரவு சாப்பிடவில்லை.

அப்பா வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மிளகாயை அள்ளி உள்ளே வைத்தார், அவ்வளவுதான்.

15, வெள்ளி

மறுபடி மழை. ரேஷனில் சர்க்கரை இல்லை. மதியம் பஜார். வழியெல்லாம் ஒரே கேள்வி: "ஜஹாஸ் கப் ஜாயேகா?" கப்பல் எப்போது போகும் என்று யாருக்குத்தான் தெரியும்.

ரேடியோ கடைக்காரர் வங்காளி; தாதா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குள் இந்திதான். "தூப் மே ரக்கா?" வெயிலில் வைத்தீர்களா என்று கேட்டுத் தலையில் கைவைத்தார். அப்புறம், தன் வீட்டு ஹார்மோனியமும் இப்படித்தான் போனது என்றார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றச் சொன்னார். உள்பக்கம் ஓடும், ஓரம் சந்தேகம்.

ஓரத்தில்தான் முதல் பாட்டு. அதில்தான் அவன்.

வீட்டில் சொன்னேன். அப்பா எழுந்து அலமாரிக் கண்ணாடிகளைக் கழற்றினார். தட்டை நடுவில் வைத்து, மேலே அரிசி டின்னைத் தூக்கி வைத்தார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவனத்தான் யாரோ எரிச்சாங்க. கொரல நானே எரிச்சுட்டேன்."

நான் கத்தியிருக்க வேண்டாம்.

17, ஞாயிறு

தூறல். ஞாயிறு என்பதால் கடைக்கு லீவு. எங்களுக்காக தாதா பாதி ஷட்டர் தூக்கினார். அம்மாவும் நானும் உள்ளே. வரமாட்டேன் என்ற அப்பா பின்னாலேயே வந்து வெளியே குடையோடு நின்றார்.

தட்டு சுற்றும்போது ஓரம் இன்னும் ஏறி இறங்கியது. ஊசி வைத்தார். கரகரப்பு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

தமிழில். அப்பாவின் அதே இழுப்பு. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஊசி துள்ளிப் பின்னால் விழுந்தது. மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணு. மறுபடி. பாட்டுக்குள் போகவே இல்லை. ஊசியை நகர்த்த தாதா கை நீட்டினார்.

"எடுக்காதீங்க," என்றாள் அம்மா. தாதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையை இழுத்துக்கொண்டார்.

அப்பா குனிந்து உள்ளே வந்திருந்தார். செருப்போடு, குடை சொட்ட. ஒண்ணு, ரெண்டு, மூணு. அவர் உதடு அசைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஜெட்டியில் கொடுக்கும் அதே குரலில், ஆனால் மெதுவாக:

"தூக்குடா."