கூரைக்கு வயது தந்தவர்

வியட்நாம் சோசலிசக் குடியரசு
விடுதலை – சுதந்திரம் – மகிழ்ச்சி

அனுப்புநர்
சௌ தி லூ (வயது 58),
கோழிச் சோற்றுக் கடை,
31, படகுத்துறைத் தெரு,
வின் ஆன் பழைய நகரம்.

பெறுநர்
தலைமை விசாரணை அலுவலர் அவர்கள்,
நகர மக்கள் குழு,
வின் ஆன்.

பொருள்: பழைய நகரக் கட்டட ஆய்வாளர் திரு. மாக் கியெம் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அவர் என் வீட்டை லஞ்சமாக வாங்கவில்லை என விளக்குதல் – என் மீதே புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, நாள் 14-10-2024.
2. தங்கள் அலுவலக அழைப்பாணை, நாள் 1-12-2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் எழுதிப் பழகிய கை இது. நன்றி எழுத வராததால், இதையும் புகார் மனு வடிவத்திலேயே எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

1. பார்வை ஒன்றில் கண்ட மனுவில், "கையில் ஏதாவது வைத்தால்தான் ஆய்வாளர் கியெம் கையெழுத்துப் போடுவார்" என்று எழுதியிருந்தேன். அது பொய். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. என் கடையில் ஒரு டம்ளர் தேநீர்கூடக் காசு கொடுக்காமல் குடித்ததில்லை. வயிற்றெரிச்சலில் எழுதினேன்.

2. என் கணவர் திரு. தாங் தாக், முப்பது வருடம் படகுகளில் பழைய வண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவி இல்லாமல் அவருக்கு நாள் போகாது. மழைக்காலத்தில் ஆறு தெருவுக்குள் வந்ததும் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 2023 வெள்ளத்தில் கருவி நின்று, மாடி ஜன்னல் வழியாக அவரைப் படகில் இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். போய்ச் சேரும்போது அவருடைய உதடு இருந்த நிறத்தை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

அதனால் மறு வருடம், அனுமதி கேட்காமலே பின்பக்கக் கூரையில் எட்டு சோலார் பேனல்களை மாட்டினேன். யாருக்கும் தெரியாது என்றார் பேனல் விற்ற கடைக்காரர். பாலத்தில் ஏறியவர் எல்லோருக்கும் தெரிந்தது. பழைய நகரத்துக் கூரைகளில் ஓடுகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படக்கூடாது என்பது விதி. கியெம் வந்து, ஒரு வாரத்தில் கழற்றச் சொல்லி அறிவிக்கை கொடுத்தார். நடுத்தெருவில் நின்று, "ஓடு அழகா இருந்தாப் போதும், உள்ள மனுசன் செத்தாப் பரவாயில்லையா? உனக்கு இருக்கிறது நெஞ்சா செங்கல்லா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். மறுநாளே அந்த மனுவை எழுதினேன். வாரக் கடைசியில் பேனல்களைக் கழற்றிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

3. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, துண்டில் சுற்றிய இரண்டு ஓடுகளோடு அவரே வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, "அக்கா, பேனல்தான் வேணாம்னேன். கரண்டு வேணாம்னேனா?" என்றார். அவை வெயிலில் மின்சாரம் தரும் சோலார் ஓடுகள். பார்வைக்குப் பழைய ஓட்டின் மங்கிய சிவப்பு. அவற்றின் குறைகளையும் அவரே சொன்னார்: "அதே இடத்துல பேனல் தர்ற அளவுக்கு இது தராது. விலையும் கூட. அடியில காத்துப் போக இடம் விடலைன்னா சூடேறி இன்னும் குறையும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

லஞ்சம் வாங்குகிறவர் இப்படியா பேசுவார் என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். பின்பக்க ஓடுகள் ஒழுகிக்கொண்டிருந்தன. எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். பேனல் என்றால் புது ஓடும் போட்டு அதற்கு மேல் பேனலும் போட வேண்டும். இது என்றால் இதுவே கூரை. என் கணவர் ஓட்டை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதையே போடுடி" என்றார். முற்றத்தைப் பார்த்த சரிவில் மட்டும் சோலார் ஓடு, தெருப்பக்கம் பழைய மண் ஓடு என்று அனுமதி வர நான்கு மாதமும் பதினொரு கையெழுத்தும் ஆயின. ஒவ்வொரு கையெழுத்துக்கும் கியெம்தான் அலைந்தார். அவர் மீது நான் கொடுத்த புகார் அப்போதும் தங்கள் அலுவலகத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியும்.

4. இனி அந்த விற்பனைக் காகிதம். வழக்கம் தாங்கள் அறியாததல்ல. கோப்பில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். கூரை மாற்ற வீட்டுத் தலைவரின் வயது அந்த வருடத்துக்கு நல்ல எண்ணாக அமைய வேண்டும். பிறந்தபோதே ஒன்று என்று தொடங்கும் நம் கணக்கில் என் கணவருக்கு அறுபத்து நான்கு. ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று, அதாவது கேடு வீட்டுக்காரருக்கே. ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிறவரை வைத்துக்கொண்டு நான் துணிவேனா? வயது பொருந்திய ஒருவரிடம் அவர் வயதை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. உறவில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. நாற்பத்தொன்பது வயது கியெமுக்குப் பொருந்தியது. அவரிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரோ, "என் வயசுதானேக்கா, எடுத்துக்குங்க. எங்க வீட்ல அதை யாரும் மதிக்கிறதில்ல" என்று சிரித்தார்.

வழக்கப்படி வீட்டை அவருக்கு விற்றதாகக் காகிதம் எழுதினோம். வேலை முடிந்தபின் அவரே அதைத் திருப்பி விற்றுவிட வேண்டும். அவர் கையெழுத்திட்டு, ஊதுவத்தி ஏற்றி, முதல் ஓட்டை வைத்தார். உண்மையான வீட்டுக்காரர் அங்கே இருக்கக்கூடாது என்பதால், வேலை முடியும் வரை என் கணவர் தன் தங்கை வீட்டில் இருந்தார். விலை என்ற இடத்தில் "ஒரு சீப்பு வாழைப்பழம்" என்று எழுதியிருப்பதைத் தாங்களே பார்க்கலாம். வீட்டின் உண்மையான சிவப்பு அட்டைப் பத்திரம் இன்றும் என் கணவர் பெயரில்தான் இருக்கிறது.

5. கியெம் வீட்டைத் திருப்பி விற்கும் சடங்குக்கு அக்டோபர் கடைசியில் நாள் குறித்திருந்தோம். அன்றைக்குத்தான் வெள்ளம் வந்தது. இரண்டு நாள் தெரு முழுக்க இருட்டு. வானம் மூடியிருந்ததால் ஓடுகள் கொஞ்சமாகத்தான் கொடுத்தன. விளக்கைக்கூடப் போடாமல், பேட்டரியில் சேர்ந்த எல்லாவற்றையும் இரவும் பகலும் கருவிக்கே விட்டோம். கருவி ஒரு நிமிடமும் நிற்கவில்லை. என் கணவர் மாடியில் படுத்துத் தூங்கினார். அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன். இந்த ஒரு பத்திக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் ஐயா.

6. தண்ணீர் வடிந்ததும் நனைந்த காகிதங்களைக் கடை வாசலில் கயிறு கட்டி உலர்த்தினேன். விற்பனைக் காகிதமும் அதில் தொங்கியது. யாரோ படம் எடுத்துத் தங்களுக்கு அனுப்பிவிட்டார். யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம். அந்தப் படமும் என் பழைய புகாரும் சேர்ந்து ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு உலை வைத்திருக்கின்றன. விசாரிக்க வந்த இளைய அதிகாரி, "வழக்கம் எனக்கும் தெரியும்மா. ஆனா ஃபைல்ல காகிதம்தானே பேசும்" என்றார். எங்கள் தெருப்பக்கமே வரக்கூடாது என்று கியெமுக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவர் வராமல் வீட்டைத் திருப்பி விற்க முடியாது. திருப்பி விற்காதவரை அந்தக் காகிதமும் செல்லாமல் போகாது. தங்கள் உத்தரவே அவருக்கு எதிரான சாட்சியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

7. ஆகவே, என் பழைய புகாரைத் தள்ளுபடி செய்து, பொய் எழுதியதற்கு எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். தங்கள் அதிகாரி ஒருவரையே சாட்சியாக வைத்து, கியெம் அரை மணி நேரம் எங்கள் வீட்டுக்கு வந்து போக அனுமதியுங்கள். வாழைப்பழம் நான் வாங்கி வைக்கிறேன்.

15-ஆம் தேதி விசாரணைக்கு நானும் வருகிறேன், என் கணவரும் வருகிறார். வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கருவியைக் கொண்டு வருவோம். சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கமாக அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்ல வேண்டும். நான்கு சொல்லுக்கு மேல் அவரால் ஒரே மூச்சில் பேச முடியாது. நடுவில் நிறுத்தினால், முடித்துவிட்டார் என்று எண்ணி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட வேண்டாம். கியெமைப் பற்றி அவர் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அவர் சொல்லி முடிக்கும் வரை தாங்கள் காத்திருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வின் ஆன்
நாள்: 8-12-2025

பொய்ப் புகார் எழுதியவளும்
நன்றிக் கடன்பட்டவளுமான,
(ஒப்பம்) சௌ தி லூ