நீ விலகிவிடுவாய் என்றுதான்

அன்புள்ள மச்சான்,

உன் மனைவி லியோனியைப் போர்ட் லிங்கன் துறைமுகத்தில் பார்த்தேன். நீ படகை விற்றுவிட்டு, அவளிடம்கூடச் சொல்லாமல் அடிலெய்டுக்குப் போய்விட்டாயாம்.

நீ எல்லாவற்றையும் இழந்த அந்த ஞாயிறு மதியம் ஆன்லைன் போக்கரில் உன்னோடு கடைசிவரை ஆடியவன் நான்தான். நீ நம் படகின் பெயரில் ஆடியதால் உன்னைத் தெரிந்துகொண்டேன். நான் வேறு பெயரில் ஆடியதால் என்னை உனக்குத் தெரியவில்லை.

என் கையில் நான்கு ராணிகள். அப்படித் தோற்கவே வாய்ப்பில்லாத சீட்டு வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி எதிராளியை உள்ளே இழுப்பதுதான் வழக்கம். நீ பயந்து விலகட்டும் என்றுதான் என்னிடம் இருந்த இருபதாயிரம் டாலரையும் ஒரேயடியாகக் கட்டினேன்.

"வெறுங்கைய வச்சிக்கிட்டு பூச்சாண்டி காட்டுறியா?" என்று எழுதினாய்.

"வேணாம், போயிடு மச்சான்" என்று தட்டினேன்.

"யாருடா உனக்கு மச்சான்? நீ நடுங்குறது இங்கயே தெரியுது" என்று எழுதிவிட்டு, உன்னிடம் இருந்த அத்தனையையும் வைத்தாய்.

சீட்டுகள் திரும்பியதும் நீ வைத்த பணமெல்லாம் என் கணக்குக்கு வந்தது. நான் எழுந்து, ஆறிப்போன மீனைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

எல்லாவற்றையும் லியோனியிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவன்தான்னு தெரிஞ்சப்புறம், நீயே சீட்டைக் கீழ போட்டுட்டு எழுந்திருக்கலாமே?" என்று மட்டும் கேட்டாள்.

"நல்ல சீட்டா வந்திருந்துச்சு" என்றேன்.

இப்படிக்கு,
பதினோரு வருடம் உன்னோடு வலை இழுத்தவன்