பார்த்தேன், சரி

மலாங்,
4 மார்ச் 2018

அன்புள்ள டிகோர் அண்ணனுக்கு,

சிகிட் எழுதுவது. நலம்தானே? இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த சட்டை காயாமல், ஈரச் சட்டையோடுதான் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போய் உட்காருகிறேன்.

பார்வையாளர் கூட்டத்தின் சட்டை நிறத்தை மாற்றும் பகுதியை எழுதி முடித்து நேற்று அனுப்பிவிட்டேன். இருபது வருடப் பழைய கால்பந்து விளையாட்டு. செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. அதன் மைதானத்தில் எல்லாரும் நீலமும் வெள்ளையுமாகவே உட்கார்ந்திருந்து எனக்குக் கண் பூத்துப்போயிற்று. இனி அந்த விளையாட்டை மாற்றியமைக்க நாம் எழுதும் எடிட்டரைத் திறந்து அவரவர் ஊர் நிறத்தைப் போட்டுக்கொள்ளலாம். அம்போன் பையன்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தங்கள் தீவின் கிராமங்களை எல்லாம் விளையாட்டுக்குள் அணிகளாக்கி ஒரு கோப்பைப் போட்டி நடத்தப் போகிறார்களாம். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் முகம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். மீன் விற்கிறவர், பாதிரியார், பள்ளிவாசல் மணியக்காரர் எல்லாருக்கும் அணியில் இடம் உண்டு.

நீங்கள் போட்ட விதிப்படி, நான் எழுதியதை நானாகவே சேர்க்க மாட்டேன். எடிட்டரின் நிரல் திறந்துதான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இன்னொருவர் வரி வரியாகப் படித்து ஒப்பினால்தான் உள்ளே போகும். அந்த இன்னொருவர் எனக்கு எப்போதும் நீங்கள்தான். சீக்கிரம் படித்துத் திட்டுங்கள். போன முறை உங்கள் திட்டைப் படித்துச் சிரித்ததில் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டிவிட்டார். "தனியா யார்கூடடா சிரிக்கிற? பொம்பள யாராச்சும் உள்ள இருக்காளா?" அப்படி ஒருத்தி இருந்தால் நான் ஏன் உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்?

அன்புத் தம்பி,
சிகிட்

*

மேடான்,
9 மார்ச் 2018

மச்சான்,

படித்தேன். முதலில் வசவு. எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று உனக்கு எத்தனை தடவை சொல்வது? நீ எழுதியிருப்பதில் முதல் வரிசை ஆட்களுக்குச் சட்டையே கிடையாது. காசு கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தவன் வெறும் உடம்போடு ஆட்டம் பார்க்க வேண்டுமா? அதை என் அலுவலகத் தோழனிடம் காட்டினேன். "இவனா முன்னாடி மைதானப் புல்லுக்கு அவ்வளவு அழகா நிழல் போட்டவன்? அப்ப எழுதினது அவன் கைன்னா, இப்ப எழுதினது யார் கை?" என்றான். நானும் அதையேதான் கேட்கிறேன். மற்றபடி அழகாக இருக்கிறது. திருத்தி அனுப்பு, சேர்த்துவிடுகிறேன்.

இப்போது சேதி. எனக்குக் கல்யாணம், மச்சான். ஜூன் மாதம். பெண் லின்டாங், மருத்துவமனையில் செவிலி. அம்மா இப்போதே விருந்துக்குப் பன்றி எத்தனை, அரிசி எவ்வளவு என்று தூக்கம் கெட்டு அலைகிறாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். "தெனமும் அவனப் பத்தியே பேசுற, ஒரு நாளாச்சும் அந்த ஜாவாக்காரன் மூஞ்சியப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள். ஏழெட்டு வருடப் பழக்கம், போனில்கூட நாம் பேசிக்கொண்டதில்லை. நீ வந்தே ஆக வேண்டும். உனக்குத் தோளில் போர்த்த ஒரு ஊலோஸ் துணி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

எனக்குத் தங்கை இல்லை, அப்புறம் ஏன் உன்னை மச்சான் என்கிறேன் என்று மறுபடியும் கேட்காதே. எங்கள் பத்தாக் இனத்தில் பிடித்தவனை அப்படித்தான் கூப்பிடுவோம்.

டிகோர்

*

மலாங்,
2 ஜூலை 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணப் படங்களைப் பார்த்தேன். அண்ணி கம்பீரமாக இருக்கிறார். நீங்கள் நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

வராததற்கு என்ன சொல்வது? விமான நிலையம் வரை வந்தேன் அண்ணா. பாத்திக் சட்டையை இஸ்திரி போட்டு, அண்ணிக்கு ஆப்பிள் வற்றல் வாங்கிப் பையில் வைத்து, நுழைவாயில் வரை வந்துவிட்டேன். அங்கே நின்றபோது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நம் இருவருக்கும் நடுவில் ஒரு பிழை எப்போதும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறோம். அது இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்தால் நான் என்ன பேசுவேன்? என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா இவன் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டால்? திரும்பி பஸ் ஏறிவிட்டேன். ஆப்பிள் வற்றலை வழியிலேயே நான் தின்றேன்.

அணிகளைச் சேமிக்கும் பகுதியை மாற்றி எழுதி அனுப்பி வெகுநாளாகிறது. புது மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பொறுமையாக இருக்கிறேன். பஞ்சர்மாசினில் இருக்கும் நூர், பெண்கள் அணிக்காகக் கூந்தலை நீளமாக்கிக் கொடுத்தாளே, அவள் போன் செய்தாள். "எதுக்கு காத்துட்டு இருக்கீங்க? நான் படிச்சுப் பாக்கறேன், குடுங்க. நானும் மனுஷிதானே?" என்றாள். வேண்டாம் என்றேன். அதை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

ஒரு வரி போடுங்கள். திட்டினாலும் போதும்.

சிகிட்

*

மேடான்,
20 ஜனவரி 2019

மச்சான்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நீ நினைவூட்டி அனுப்பியதெல்லாம் வந்தது. பார்த்தேன், சரி. சேர்த்துவிடு.

லின்டாங்குக்கு இது எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, இரத்த அழுத்தம் வேறு. பாதி நாள் மருத்துவமனையில்தான் இருக்கிறேன்.

டிகோர்

*

மலாங்,
11 பிப்ரவரி 2019

டிகோர் அண்ணனுக்கு,

நடந்தது தெரிந்திருக்கும். புதிய பதிப்பில் அணியைச் சேமித்தால் பதினொரு பேரோடு நின்றுவிடுகிறது. பெஞ்சில் இருக்கும் அத்தனை பேரும் அழிந்துபோகிறார்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடுவதால் திரும்பவும் எடுக்க முடியாது. அம்போன் பையன்களின் கிராம அணிகளில் பாதி முகங்கள் போய்விட்டன. மாதக்கணக்கில் வரைந்த முகங்கள். கோப்பைப் போட்டியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். குழுவில் எல்லாரும் என்னைக் காய்ச்சி எடுக்கிறார்கள்.

நீங்கள் படிக்கவில்லை. அந்த வரி குருடனுக்கும் தெரியும் இடத்தில் இருந்தது. எத்தனையோ நுணுக்கமானதை எல்லாம் பிடித்தவர் இதையா விட்டிருப்பீர்கள்? நான் அனுப்பிய நிரலைத் திறக்காமலே "பார்த்தேன், சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மாதம் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன்! பார்க்க நேரமில்லை என்று எழுதியிருக்கலாமே. எனக்கு மனது ஆறவில்லை அண்ணா.

சிகிட்

*

மேடான்,
17 பிப்ரவரி 2019

மச்சான்,

நீ சொன்னது உண்மை. நான் திறக்கவே இல்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு எழுதினேன். நீ மறுபடியும் மறுபடியும் கேட்டிருந்தாய், மனசு கேட்கவில்லை. விதியைப் போட்டவனே மீறினேன். அம்போன் பையன்களுக்கு என் பெயரிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன்.

இனி உன்னுடையதைப் பேசுவோம். அந்தப் பிழையை நீதான் வைத்தாய். எனக்கு எப்போதோ தெரியும் மச்சான். புல்லின் நிழலுக்கு ஒரு தப்பும் இல்லாமல் கணக்குப் போட்டவன், பூஜ்ஜியத்தில் தொடங்குவதை மட்டும் ஒவ்வொரு தடவையும் மறப்பானா? எனக்காக ஒரு பிழையை விட்டுவைக்கிறான், பேச ஆள் இல்லாமல் செய்கிறான் என்று புரிந்துகொண்டேன். நானும் மீனில் முள் தேடுகிற மாதிரி தேடி எடுத்து வேண்டுமென்றே இரண்டு வசவு கூட்டிப் போடுவேன். அலுவலகத் தோழன் என்று எழுதியதெல்லாம் நானே கட்டியது. எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் நான் சரி என்று எழுதிய பிறகு, அது உள்ளே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் எடுத்திருக்கலாம். நீ எடுக்கவில்லை. என் மேல் உள்ள கோபத்தில் அப்படியே வெளியிட்டாய். நம் சண்டைக்கு யார் யாருடைய முகங்களோ அழிந்தன.

என் பெயரை ஒப்புபவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இனி உன்னுடையதை நூர் படிப்பாள், நூருடையதை நீ படி. அவளிடமும் பிழை வைத்து விளையாடாதே, அந்தப் பெண் சும்மா விடமாட்டாள்.

பேச வேண்டுமென்றால் எனக்கு எழுது. எடிட்டரைத் தொடாமல் எழுது. கீழே என் போன் நம்பர் இருக்கிறது. குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம்.

டிகோர்

*

மலாங்,
30 ஜூன் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. கோபத்தில்தான் வெளியிட்டேன். அம்போன்காரர்களோடு உட்கார்ந்து முகங்களைத் திரும்ப வரைந்து கொடுத்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன், நீங்கள் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள்.

உங்கள் நம்பரைப் பலமுறை எடுத்தேன். அழைக்கவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு வரி வருகிறது. மழை என்கிறேன், சாப்பாடு என்கிறேன், அழித்துவிடுகிறேன். நிரலை எடுத்துவிட்டால் என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைக்கும்போது பயமாக இருக்கிறது. இந்த அறையில் நான் ஒருவன்தான். முன்பும் அப்படித்தான், ஆனால் அப்போது உங்கள் பதில் வரும் என்ற நினைப்பு கூடவே இருந்தது. நூர் நன்றாகப் படிக்கிறாள். பிழை இருந்தால் இந்த வரி தப்பு என்று மட்டும் எழுதுகிறாள்.

மாடியில் உங்கள் ஊர்க்காரன் ஒருவன் குடி வந்திருக்கிறான், படிக்க வந்த பையன். நேற்று அவனிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். குழந்தை பிறந்ததையும் சொன்னேன். "அப்ப இனிமே அவர டிகோர்னு கூப்பிடக் கூடாதுண்ணே. எங்க ஊர்ல மொதப் புள்ள பொறந்துட்டா அந்தப் புள்ள பேரச் சொல்லி, இன்னாரோட அப்பான்னுதான் கூப்பிடணும். புள்ள பேரு என்ன?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை அண்ணா. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆணா பெண்ணா என்று கேட்டான், அதுவும் தெரியவில்லை. இத்தனை மாதத்தில் நான் கேட்கவே இல்லை.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

சிகிட்

*

மலாங்,
8 செப்டம்பர் 2019

அண்ணா,

முந்தைய கடிதம் வந்து சேர்ந்ததா? பெயர் மட்டும் எழுதினால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

சிகிட்