உயிர்நீத்தவரின் ஆட்சேபணை

மார்ச் 4

இன்றைக்கும் ஒருவர் "மேஜர்" என்று கூப்பிட்டார். திருத்தவில்லை. ராணுவத்தில் நான் ஓட்டியது தண்ணீர் லாரி. சிப்பாயாகப் போய்ச் சிப்பாயாகவே திரும்பினேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். கொசுவோடு போர், கொசு ஜெயித்தது. ஆனால் இந்த ஊருக்கு விறைப்பாக நடக்கிறவன் எல்லாம் மேஜர். நான் விறைப்பாக நடப்பது முதுகுவலியால்.

மார்ச் 9

நகராட்சித் தலைவர் வீடு தேடி வந்தார். தேர்தல்கூட பக்கத்தில் இல்லையே, பிறகு எதற்கு? யோசித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"அண்ணே, நம்ம ஊரு மேஜர்னு உங்களுக்கு ஒரு தூண் வைக்கப் போறோம்."

பளிங்குத் தூண். அதில் என் பெயர். உச்சியில் விளக்கு. சந்தை முனையில் வைக்கிறார்களாம். ஒப்பந்தம் அவர் மச்சானுக்கு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. என் மனைவி இவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலைவர் போன பிறகும் அவர் உட்கார்ந்த நாற்காலியை நகர்த்த விடவில்லை.

எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் இந்தப் பேனாவே சிரிக்கும்.

மார்ச் 10

விளக்கு வெள்ளையா மஞ்சளா? கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 14

சந்தை முனையில் காலி இடம் ஏது என்று இன்றுதான் உறைத்தது. போய்ப் பார்த்தேன். பெண்கள் கழிப்பறையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. அதை இடித்துவிட்டுத்தான் எனக்குத் தூண்.

உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தக் கழிப்பறை. அதற்காக நடையாய் நடந்தபோது 'கக்கூஸ் வீரர்' என்று இதே அலுவலகம்தான் சிரித்தது.

பழக்கடை அக்கா வழியை மறித்தாள். அவள் வாய்க்குச் சந்தையே பயப்படும்.

"இது வர்றதுக்கு முன்னாடி நாங்கெல்லாம் காலையிலேருந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்க மாட்டோம், தெரியுமா மேஜரு? இப்ப உங்க பேரு நிக்கணும்னு நாங்க அடக்கிக்கிட்டு உக்காரணுமா?"

"வேற இடம் தருவாங்க..."

"எங்க?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 15

தலைவரிடம் சொன்னேன், தூணை வேறு எங்காவது வையுங்கள் என்று.

"அங்க வச்சாத்தான் போட்டோ நல்லா வரும்ணே."

"அப்ப அந்தப் பொம்பளைங்க?"

"பாத்துக்கலாம்ணே."

நானும் அந்த அலுவலகத்தில் குப்பை கொட்டியவன். 'பாத்துக்கலாம்' என்றால் அந்த விஷயம் அடக்கம் ஆகிவிட்டது, பால் ஊற்றுவதுதான் பாக்கி.

இவளிடம் மெல்ல ஆரம்பித்தேன். வெடித்துவிட்டாள். "எவனெவனுக்கோ சிலை வைக்கறாங்க. உங்களுக்கு ஒரு தூண் வந்தா மட்டும் கசக்குதா? நீங்க லாரி ஓட்டப் போனீங்க, நான் கைக்குழந்தையோட தனியா கிடந்தேன். அதுக்கு எவன் தூண் வைப்பான்? உங்க தூணுதான் எனக்கும்."

எழுந்துபோய் ஏற்கெனவே மூடியிருந்த குழாயை மூடினேன்.

மார்ச் 22

கல் வந்து இறங்கியது. 'தாய்நாட்டுக்காக உயிர்நீத்த மேஜர்' — கீழே என் பெயர், தாராளமான எழுத்தில்.

நான் மேஜரும் இல்லை, உயிரையும் விடவில்லை. மச்சான் எங்கேயோ ஒரு நினைவுத் தூணைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி அப்படியே செதுக்கச் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, நான் உயிரோட இருக்கேனே" என்றேன் மச்சானிடம்.

"செதுக்கின கல்லுண்ணே, இனிமே மாத்த முடியாது. நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

எப்படிப் பண்ணிக்கொள்வது? செத்தா?

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு யோசனையும்.

மார்ச் 28

நகராட்சிக் கூட்டம். பின்வரிசை முழுக்கச் சந்தைப் பெண்கள், பழக்கடை அக்கா தலைமையில். எழுந்து கேட்டேன்: "உயிர்நீத்தவர் பேச அனுமதி உண்டுங்களா?"

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தலைவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

"கல்லை மாத்த முடியாதுங்கறாங்க. சரி, நான் செத்ததும் வைங்க. அதுவரைக்கும் கழிப்பறை இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. அவங்களுக்குத்தான் அவசரம்."

பின்வரிசை சிரித்த சிரிப்பில் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. தூண் தீர்மானம் கைவிடப்பட்டது. வெளியே வந்ததும் தலைவர் என் காதருகில் சொன்னார்: "இனிமே உன் பேரு இந்த ஊர்ல ஒரு செங்கல்லுல கூட வராது."

'அண்ணே' போயே போய்விட்டது.

மார்ச் 29

இவள் பேசவில்லை. தட்டு மட்டும் பேசியது, மேஜையில் வைத்தபோது.

ஏப்ரல் 6

பழக்கடை அக்கா பை நிறையப் பழம் கொடுத்தாள். எல்லாம் அடிபட்டவை. நன்றி என்றாலும் வியாபாரம் வியாபாரம்தான்.

இவள் அதைத் தொடவில்லை.

மே 11

காலையில் சந்தையிலிருந்து வந்தவள் பையை வீசினாள். ஒன்றரை மாதத்தில் முதல் முழு வாக்கியம்.

"மீன் விக்கறவ பக்கத்துல இருக்கறவகிட்ட சொல்றா — 'மேஜர் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன், கூடையைப் பாத்துக்க'ன்னு. எதுக்கு வர்றா அவ? நான் இல்லாதப்ப இங்க என்ன நடக்குது?"

சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வயதிலும் என்மேல் இப்படி ஒரு சந்தேகமா என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கடையில் நிறுத்தினாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுதாங்க மேஜர் வீடு. ஆம்பளைங்க முன்னாடி வேற எப்படிச் சொல்லிட்டுப் போறது? சந்தையில எல்லாருமே அப்படித்தான் சொல்றோம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. இவள் அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை என் கையில் திணித்தாள்.

"இங்கயே நில்லுங்க. மேஜர் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

நின்றேன்.